எட்டுத் துண்டு மூளை மாதிரி: பள்ளிக்கு வாங்கலாமா?

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும் ஆசிரியர்கள் சந்திக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் பிளாஸ்டிக் மூளை ஒன்று கிடைக்கிறதே, கழற்றிக் கழற்றி மாட்டலாம் என்கிறார்களே, வாங்கினால் பாடத்துக்கு உதவுமா, இல்லை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் அலமாரியில் தூசி படியுமா? கோவில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்று இருக்கிறது. ஒரு கல்வியாண்டு முழுக்க என் கையிலும் பிள்ளைகள் கையிலும் அது படாத பாடு பட்டுவிட்டது. வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதன் நிறத்தையும், அதோடு வரும் பெயர் அட்டையையும் நம்பி வகுப்புக்குள் நுழையாதீர்கள்.

கம்பெனி பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை, ஒரே அச்சில் வார்த்த மூளை நாலைந்து பெயர்களில் நாலைந்து விலையில் விற்கிறது. நம் நாட்டில் பள்ளி ஆய்வகச் சாமான்களில் பெரும்பங்கு ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வருகிறது. எங்கள் பார்சலிலும் அந்த ஊர் முகவரிதான் இருந்தது. விலை 1,850 ரூபாய், அனுப்பும் செலவு தனி.

முதலில் எட்டுத் துண்டு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. மூளையை நடுவில் நெடுக்காகப் பிளந்து வலது பாதி, இடது பாதி என்று ஆக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பாதியிலும் நான்கு துண்டுகள்: நெற்றி மடலும் அதன் பின்னாலுள்ள உச்சி மடலும் சேர்ந்து ஒன்று, பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்து ஒன்று, மூளைத்தண்டின் பாதி ஒன்று, சிறுமூளையின் பாதி ஒன்று. ஆக எட்டு. எல்லாம் சேர்ந்து ஒரு தாங்கியின் மேல் உட்காரும். இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் நாற்றம் ஆளைத் தூக்கியது. ஜன்னல் ஓரம் வைத்துச் சில நாள் காற்றாட விட்ட பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோக முடிந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்குச் சில இடங்களில் காந்தம், சில இடங்களில் சின்ன இரும்பு ஆணி. காந்தம் வைத்த இடம் அருமை. கிளிக் என்று ஒட்டிக்கொள்கிறது, எத்தனை முறை பிரித்தாலும் அப்படியே இருக்கிறது. ஆணி வைத்த இடம்தான் தலைவலி. பத்தாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால் அவன் ஆணியின் போக்கைப் பார்க்காமல் பலத்தைக் காட்டுவான். சிறுமூளை ஆணி ஒன்று வளைந்து, துளை பெரிதாகி, இப்போது அந்தத் துண்டு தொட்டால் விழுகிறது. துளைக்குள் எம்-சீல் வைத்து அடைத்து, காய்வதற்குள் ஆணியைக் குத்தி எடுத்தால் கொஞ்ச காலம் தாங்கும்.

அடுத்தது அட்டை. மாதிரி முழுக்க எறும்பு அளவில் எண்கள் அச்சடித்திருக்கிறார்கள். எந்த எண் எந்தப் பகுதி என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை. எங்களுக்கு வந்த அட்டையில் பான்ஸுக்கு உரிய எண்ணும் முகுளத்துக்கு உரிய எண்ணும் இடம் மாறியிருந்தன. மேலே உப்பலாக நிற்பது பான்ஸ், அதற்குக் கீழே குறுகித் தண்டுவடத்தோடு சேர்வது முகுளம். அட்டை தலைகீழாகச் சொல்கிறது. பாடம் தெரிந்தவருக்கு இது ஒரு நொடியில் கண்ணில் படும். ஆனால் அட்டையைப் பையன்கள் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்று பதில் வந்தது. புது அட்டை வரவில்லை. நானே பாடப்புத்தகத்தில் உள்ள பெயர்களைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, தாங்கியின் அடியில் ஒட்டிவிட்டேன். அட்டையில் ஐம்பதுக்குப் பக்கத்தில் பெயர்கள் இருந்தன. பத்தாம் வகுப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், அந்த நடுப் பிளவுக்காகத்தான்.

பாடப்புத்தகத்தில் உள்ள மூளைப் படத்தை நினைத்துப் பாருங்கள். பெருமூளை, அதற்குள் வளைந்த பட்டையாகக் கார்பஸ் கலோசம், அதன் கீழே தலாமஸ், ஹைபோதலாமஸ், கீழே பான்ஸ், முகுளம், பின்னால் சிறுமூளை. அது வெளியிலிருந்து பார்க்கும் மூளை இல்லை. இரண்டாகப் பிளந்து, உள்முகத்தைக் காட்டும் படம். நமக்கு அது சொல்லாமலே தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. காதுக்கு மேலே மண்டை ஓட்டைத் திறந்தால் அப்படியே தலாமஸ் தெரியும் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்தை அழகாக வரைவார்கள், பாகங்களைச் சரியாகக் குறிப்பார்கள், முழு மதிப்பெண் வாங்குவார்கள். "தலாமஸ் எங்கே இருக்கு, உன் தலையிலே தொட்டுக் காட்டு" என்றால் பொட்டில் விரலை வைப்பார்கள்.

முழு மூளையைக் கையில் கொடுத்து, "புத்தகத்தில் இருக்கிற படத்தை இதிலே காட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்வேன். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பார்கள், தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வெறும் மேடு பள்ளம்தான் தெரியும். யாராவது ஒரு பிள்ளை இரண்டு பாதியையும் பிடித்து இழுக்கும். படம் அப்படியே உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்கு 1,850 ரூபாய் கொடுக்கலாம். அதன் பிறகு கார்பஸ் கலோசம் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வார்த்தையாக இருப்பதில்லை. இரண்டு பாதிகளும் ஒட்டியிருந்த இடம் அது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். சார்ட்டில் இதைச் செய்ய முடியாது. தெர்மோகோலில் செதுக்கி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுவரும் மூளையிலும் முடியாது, ஏனென்றால் அதையும் புத்தகப் படத்தைப் பார்த்துத்தான் செதுக்குகிறார்கள்.

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருகிறேன். பெருமூளைக்கு நான்கு மடல்கள் என்று நடத்துகிறோம். மாதிரியில் ஒரு பாதிக்குப் பெருமூளைத் துண்டுகள் இரண்டுதான். பிள்ளைகள் துண்டை எண்ணுவார்கள், மடலை எண்ண மாட்டார்கள். நெற்றி மடலும் உச்சி மடலும் ஒரே துண்டாக வருவதால், இரண்டையும் பிரிக்கும் மையப் பள்ளம் எங்கே ஓடுகிறது என்பது யார் கண்ணிலும் படாது. அந்தப் பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மேடு கை கால்களை அசைக்கிறது, பின்னால் இருக்கும் மேடு தொடு உணர்வை வாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத இடைவெளி. இவ்வளவு முக்கியமான கோட்டை மாதிரியைச் செய்தவர்கள் வண்ணத்தில் கரைத்துவிட்டார்கள். நான் கறுப்பு மார்க்கரால் அதன் மேல் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.

நிறமோ நிறம். மஞ்சள், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறது. அடையாளம் காண வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் "சிறுமூளை ஏன் டீச்சர் மஞ்சளா இருக்கு?" என்ற கேள்வி ஒவ்வொரு பிரிவிலும் வரும். கேட்காத பிள்ளைகள் நிஜமாகவே மஞ்சள் என்று மனதில் எழுதிக்கொள்ளும். இன்னொரு தீங்கும் உண்டு. நிறம் சட்டென்று ஓரிடத்தில் முடிந்து வேறு நிறம் தொடங்கும்போது, வேலையும் அங்கே சட்டென்று முடிகிறது என்று தோன்றிவிடுகிறது. பேச்சு இங்கே, பார்வை அங்கே, கோபம் இன்னோர் இடத்தில் என்று அறை அறையாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பாட்டைக் கேட்டுத் தாளம் போடுவதற்குள் எத்தனை மடல்கள் வேலை செய்கின்றன என்று அடுத்த வகுப்பில் அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது.

சாம்பல் நிற மாதிரியும் சந்தையில் உண்டு, விலை சற்றுக் கூட. பட்ஜெட் இருந்தால் அதை வாங்கி, நீங்களே சாக்பீஸால் எல்லை வரைந்து அழியுங்கள். எனக்கு அது கிடைத்திருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டேன்.

இனி, பயன்படுத்திய கதை. மாதிரியை மேசையில் வைத்துக்கொண்டு, "இது பெருமூளை, இது சிந்திக்க உதவுகிறது" என்று ஒப்பித்தால் அது இரண்டாயிரம் ரூபாய்ச் சுட்டுகோல். பாகத்தை மாதிரியில் காட்டிவிட்டு, வேலையைப் பிள்ளைகளின் உடம்பிலேயே காட்ட வேண்டும். அதற்குத் தம்பிடி செலவில்லை.

சிறுமூளைத் துண்டைக் கழற்றி ஒருவன் கையில் கொடுப்பேன். மற்றவர்கள் கண்ணை மூடி, கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். எல்லோரும் தொட்டுவிடுவார்கள். பார்க்காமலே விரலுக்கு மூக்கு இருக்குமிடம் தெரிந்தது எப்படி, போகும் வழியில் வேகத்தைக் குறைத்தது யார்? பிறகு குதிகாலும் பெருவிரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால், யாராவது தள்ளாடுவார்கள், உடனே "டாஸ்மாக், டாஸ்மாக்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். வரட்டும். மது சிறுமூளையின் வேலையைக் கெடுப்பதால்தான் அந்த நடை வருகிறது என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அந்தத் துண்டு. ஆனால் மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன. இதைச் சொன்னதும் கையில் வைத்திருக்கும் பையன் அதைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடித்துக்கொள்வான்.

நடுமூளைக்கு டார்ச் போதும். ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்திலிருந்து ஒரு கண்ணில் மட்டும் மெல்லிய வெளிச்சம் காட்டினால் கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பாப்பா சுருங்கும். வெளிச்சம் படாத இன்னொரு கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சுருங்கும். ஒரு கண்ணுக்குள் போன செய்தி நடுமூளைக்குப் போய் இரண்டு கண்ணுக்கும் உத்தரவாகத் திரும்பி வருகிறது. இந்த ஒரு சோதனைக்காக அவர்கள் வீட்டில் தம்பி, தங்கை, ஆச்சி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நடுமூளையைக் காட்டும்போது எனக்குக் கூடுதலாக ஒரு திருப்தி. சில வருடங்களுக்கு முன்பு ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார்களே, "மிட் பிரெயின் ஆக்டிவேஷன்", குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும், நினைவாற்றல் பெருகும் என்று? ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் போனார்கள். கண்ணைக் கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் அந்தப் படிப்பு நடந்தது. மாதிரியில் மூளைத்தண்டைக் கழற்றி, "நடுமூளை எவ்வளவு இருக்கு பாருங்க" என்று காட்டினால் போதும். நிஜத்தில் அதன் நீளம் 2 சென்டிமீட்டர் அளவுதான். பார்வை, செவி சார்ந்த அனிச்சைச் செயல்கள், கண் அசைவு என்று பிறந்த நாளிலிருந்து அது ஏற்கெனவே ஆக்டிவாகத்தான் இருக்கிறது. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று மேடைக்கு மேடை முழங்குபவர்களுக்கும் இதே மாதிரியைக் காட்டலாம். எந்தத் துண்டைத் தூக்கிப் போடலாம், சொல்லுங்கள்?

முகுளத்துக்கு, மூச்சை அடக்கும் போட்டி. எவ்வளவு வீறாப்பாக உட்கார்ந்தாலும் கடைசியில் மூச்சு தானாக வந்துவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை முகுளம் கண்டுகொள்கிறது. அதற்கு மேல் உங்கள் பெருமூளையின் பேச்சை அது கேட்பதில்லை. பிடரி மடலுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். பின்மண்டையில் அடி விழுந்தால் கண்ணில் பொறி பறக்கிறதே, அடிபட்டது பின்னால், பொறி தெரிவது முன்னால், ஏன் என்று கேட்டால் போதும். கண் முன்னே இருக்க, பார்வைக்கான இடம் கடைக்கோடியில் இருப்பது அன்றோடு மறக்காது.

நெற்றி மடலுக்கு ஃபினியாஸ் கேஜ் கதை இல்லாமல் முடியாது. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில்பாதைக்குப் பாறை உடைத்த மேஸ்திரி. வெடிமருந்தைக் குத்தி இறுக்கிய இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், 6 கிலோ எடை, வெடித்துப் பறந்து இடது கன்னத்தின் வழியே நுழைந்து உச்சந்தலையில் வெளியேறியது. ஆள் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பும் நிதானமும் உள்ள அந்த மனிதர் இல்லை இவர் என்றார்கள் பழகியவர்கள். மாதிரியின் இடது பாதியில் ஒரு பென்சிலை அந்தக் கோணத்தில் பிடித்துக் காட்டுவேன். கம்பி எதைத் தொட்டது, சிறுமூளையையும் மூளைத்தண்டையும் எப்படித் தொடாமல் போனது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கையில் பிடித்துப் பார்க்கும் மூளை இல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது வெறும் திகில் கதை.

இடது, வலது விஷயத்தில் மாதிரி எனக்கு எதிர்பாராத வேலை செய்தது. வலது பாதி உடம்பை இடது மூளை ஆள்கிறது என்று சொல்லி, பேச்சுக்கான பகுதி பெரும்பாலானவர்களுக்கு இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, 1861இல் பிரான்ஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் கண்டறிந்தார் என்று நடத்திக்கொண்டிருந்தேன். "டான்" என்ற ஒரே சத்தத்தைத் தவிர வேறெதுவும் பேச முடியாத ஒரு நோயாளி இறந்த பிறகு, அவர் மூளையின் அந்த இடம் பழுதாகியிருந்ததை புரோக்கா பார்த்தார். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், எங்க தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துருச்சு. பேச்சும் நின்னுருச்சு. நாம பேசுறது புரியுது, ஆனா அவரால சொல்ல வரல."

"வந்து காட்டு, எங்கே அடைச்சிருக்கும்?" என்றேன்.

அவள் வந்து மாதிரியை இரண்டு கையாலும் தூக்கி, தன் முகம் பார்க்கும் பக்கமே அதுவும் பார்க்கும்படி திருப்பி வைத்து, பிறகு இடது பக்கம் விரலை வைத்தாள். நான் கறுப்பு மார்க்கரால் போட்ட கோட்டுக்குச் சற்று முன்னால், சரியான இடம். "அப்போ கையும் பேச்சும் ஒண்ணா போனது, ரெண்டும் பக்கத்துல இருக்கிறதாலயா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம். இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனியும் ஒன்றே. அந்தத் தமனியை நம் மாதிரியில் சிவப்புக் கோடாக வரைந்துகூட வைக்கவில்லை என்பது இன்னொரு குறை.

இதுபோல மாதிரியில் இல்லாதவை நிறைய. மூளை உறைகள் இல்லை. மூளைத் தண்டுவடத் திரவம் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு டப்பாவில் முட்டையைப் போட்டுக் குலுக்கி, இன்னொரு டப்பாவில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கிக் காட்டினால் திரவத்தின் வேலை புரியும். ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள மூளை அந்தத் திரவத்தில் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். எடை என்றதும் நினைவுக்கு வருகிறது: பிளாஸ்டிக் மூளை முக்கால் கிலோகூட இல்லை. நிஜ எடை தெரிய வேண்டுமானால் சத்துணவுக் கூடத்துத் தராசில் 1,400 கிராம் அரிசி நிறுத்துக் கையில் கொடுங்கள்.

மாதிரி சொல்லாததையெல்லாம் சொல்வது ஆட்டு மூளை. எங்கள் ஊர்க் கறிக்கடையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு விஷயம், முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். வழக்கமாகத் தலையை நடுவில் வெட்டித்தான் எடுப்பார்கள், மூளை இரண்டாகக் கூழாகிவிடும். "பிள்ளைங்களுக்குப் பாடத்துக்கு வேணும்ணே, முழுசா எடுத்துத் தாங்க" என்றேன். கடைக்காரர் மண்டை ஓட்டைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். "டீச்சரம்மா, பின்னாடி இந்த வாலையும் விட்டு வச்சிருக்கேன், வேணுமா?" என்றார். அவர் வால் என்றது முகுளத்தையும் தண்டுவடத்தின் துண்டையும். அதற்காகத்தானே போனேன்!

பச்சை மூளை கையில் நிற்காது, விரல் பட்ட இடமெல்லாம் அமுங்கும். மேலே சவ்வு இருக்கும்போது முதலில் அதைக் காட்டிவிட வேண்டும். ரத்தக் குழாய்கள் ஓடும் அந்த மெல்லிய சவ்வை வீட்டில் சமைப்பதற்கு முன் அம்மா உரித்துப் போடுவதைப் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மூளையின் உள் உறையான பயா மேட்டர் அதில்தான் இருக்கிறது என்றதும் ஒரே ஆரவாரம். தடித்த வெளி உறையான டியூரா மேட்டர் பெரும்பாலும் ஓட்டோடு கடையிலேயே தங்கிவிடும். சவ்வைக் காட்டிய பிறகு உப்புப் போட்ட கொதிநீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் மூளை இறுகிவிடும், கத்தியால் சீராக வெட்டலாம். நடுவில் பிளந்தால் சிறுமூளைக்குள் கிளை கிளையாக ஓடும் வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். உறுப்புகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வேண்டாம், பள்ளி வகுப்பறையில் அந்த நெடியும் ஆபத்தும் தேவையில்லை.

நடுமூளையில் நான்கு கோள வடிவ மேடுகள், கார்ப்போரா குவாட்ரிஜெமினா என்று பாடத்தில் ஒரு வரி வருகிறதே, வருடா வருடம் அதை மனப்பாடம் செய்ய வைத்துக் கடந்துபோவோம். ஆட்டு மூளையில் பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே இரண்டு கட்டை விரலையும் வைத்து மெதுவாக விரித்தால் அடியில் அந்த நான்கும் உட்கார்ந்திருக்கும். முன்னால் இரண்டு பெரியவை, பின்னால் இரண்டு சிறியவை. பிளாஸ்டிக் மாதிரி நடுவில் பிளந்திருப்பதால் ஒரு பாதிக்கு இரண்டு புடைப்பு என்று பிரிந்து, எது என்ன என்றே விளங்காது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "நிஜமாவே நாலு இருக்குடா" என்றான், புத்தகம் இதுவரை பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைத்தவன் மாதிரி.

ஆட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கேயே, மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஆட்டில் சிறுமூளை பெருமூளைக்குப் பின்னால் நிற்கிறது. நமக்கு அடியில் மறைந்துகொள்கிறது. முன் நுனியில் மோப்பத்துக்கான இரண்டு குமிழ்கள் ஆட்டுக்குப் பெரிது. நம்முடையதைத் தேட வேண்டும். ஆக இரண்டும் இருந்தால்தான் பாடம் நிறைவாகிறது. ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை. கையுறை, சோப்பு, கழிவைப் புதைக்க ஒரு குழி, இவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கறி தொடாத வீட்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்கள் மாதிரியை வைத்துக்கொண்டு அங்கே நடப்பதை இங்கே இணைத்துச் சொல்லும் வேலையைச் செய்யலாம்.

மொபைல் வசதி இருந்தால் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் கல்வி மையம் வெளியிட்ட 3டி பிரெயின் என்ற செயலி நல்ல இலவச வசதி. விரலால் மூளையைச் சுற்றிப் பார்க்கலாம், ஒவ்வொரு பகுதியையும் தனியாக நிறமேற்றிக் காட்டும். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் ஆசிரியர் தயாரிப்புக்குத்தான் அதிகம் உதவும். பெங்களூர்ப் பக்கம் கல்விச் சுற்றுலா போகும் பள்ளிகள் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் உள்ள மூளை அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட உண்மையான மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கவும் அங்கே விடுகிறார்கள். மஞ்சளும் ஊதாவும் அங்கே கிடையாது.

கழற்றி மாட்டும் மாதிரி என்பதே பிணம் கிடைக்காத மாணவர்களுக்காகப் பிறந்த யோசனைதான். 1820களில் பிரான்ஸில் லூயி ஓசூ என்ற மருத்துவர் காகிதக் கூழில் உடம்பின் மாதிரிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அறுக்காமல், நாறாமல், துண்டு துண்டாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். அந்தக் காகிதக் கூழ் மாதிரிகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் நன்றாக இருக்கின்றன. நம் பிளாஸ்டிக் மாதிரியின் ஆணியோ ஒரு வருடம் தாங்கவில்லை.

சரி, வாங்குகிறவர்களுக்கு. ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் உள்முகத்தின் படத்தைக் கேளுங்கள். தளத்தில் எல்லோரும் வெளிமுகத்தை மட்டும் பளபளவென்று போடுகிறார்கள். உள்முகத்தில் தலாமஸும் ஹைபோதலாமஸும் தனித்தனியாகத் தெரிகிறதா, கார்பஸ் கலோசம் புடைப்பாக இருக்கிறதா, அல்லது தட்டையான பரப்பில் பெயின்ட்டால் ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒப்பேற்றியிருந்தால் சார்ட்டே போதும், நூறு ரூபாயோடு முடிந்துவிடும். இணைப்பு எல்லா இடத்திலும் காந்தமாக இருக்கட்டும், நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை. நிஜ அளவு மாதிரியே வேண்டும். மேசையில் அலங்காரமாக வைக்கும் குட்டி மூளை நாற்பது பேர் வகுப்பில் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. இரண்டு பிரிவு இருக்கும் பள்ளியில் பெரியதாக ஒன்று வாங்குவதைவிட இதே அளவில் இரண்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் தொட்டுப் பார்க்கும் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. அட்டை சரியாக இருந்திருந்தால் நாலு.

அப்புறம், ஜி.எஸ்.டி. பில் பள்ளியின் பெயரிலேயே வர வேண்டும் என்று ஆர்டர் போடும்போதே எழுதிவிடுங்கள். எங்களுக்கு என் பெயரில் வந்து, அதை மாற்றி வாங்குவதற்குள் மூளை மாதிரியே வந்து சேர்ந்துவிட்டது. பில் மாறி வரும்வரை ஹெச்.எம். அதை ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றவில்லை, ஏற்றாத பொருளை வகுப்புக்கு எடுத்துப் போகவும் விடவில்லை.